சொந்தக் குரலைத் திருடியவன்

சட்டமும் சாமர்த்தியமும் ஒருங்கே வாய்த்த என் அன்பு மச்சானுக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதுவது. உங்கள் வீட்டில் பெரியவர் முதல் சிறியவர் வரை யாவரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உன் அக்கா சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுதினால் பொய்யாகிவிடும். தொலைபேசியில் சொன்னால் போன தடவை மாதிரியே சிரிப்பாய். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் என் காதில் விழாது.

மச்சான், நான் திருடனாம். அதுவும் என் குரலையே திருடிய திருடனாம்!

முப்பத்தோரு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளனாகக் கத்திவிட்டு ஓய்வு பெற்றவன், பேச ஆளில்லாமல் வீட்டுக் கடிகாரத்துக்கே நேரம் அறிவித்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். உரிமைக் காலம் முடிந்த பழைய நாவல்களைச் சம்பளமில்லாமல் வாசித்து, யார் வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று இணையத்தில் வைக்கும் தன்னார்வலர் குழு ஒன்றில் அப்போதுதான் சேர்ந்தேன். சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் போர்வை தொங்கவிட்டு, அடியில் உட்கார்ந்து, மின்விசிறியை நிறுத்தி, வேர்த்து விறுவிறுத்து ஒரே நாவலுக்கு நாற்பத்திரண்டு அத்தியாயம் வாசித்தேன். ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் 'இந்தப் பதிவு பொதுச்சொத்து, இதை யாரும் எதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்' என்று சொல்ல வேண்டும் என்பது அவர்கள் விதி. சொன்னேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் கதாநாயகி வீட்டைவிட்டுக் கிளம்பும் இடத்தில், பழக்கதோஷம், 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்றும் சொல்லித் தொலைத்துவிட்டேன். கடைசி அத்தியாயத்தில் கதாநாயகன் கண்ணை மூடுகிறான், போர்வைக்கு வெளியே உன் அக்கா "ஏங்க, கேஸ் தீந்துபோச்சு!" என்று கத்துகிறாள், அதுவும் பதிவாகிவிட்டது. பிழை பார்த்த தன்னார்வலர் அந்த இடத்தில் அழுதுகொண்டிருந்தாராம், கவனிக்கவில்லையாம்.

போன வாரம் பல் பிடுங்கப் போனேன். ஊசி போட்டு, மரத்துப்போகட்டும் என்று வெளியே உட்கார வைத்தார்கள். சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் மழை பெய்கிறது, மழைக்கு நடுவே ஒருவன் கதை வாசிக்கிறான். யாரடா இவன், உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறதே என்று நினைக்கும்போதே 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்கிறான்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓடிப்போய் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் "அது என் குரல்" என்றேன். மரத்த வாயில் அது "அழு எங் குழழ்" என்று வந்தது.

"அழாதீங்க சார், வலிக்கவே வலிக்காது. இது தூக்கம் வராதவங்களுக்கான சேனல். அஞ்சு நிமிஷம் கேளுங்க, ஆளே அடங்கிடுவீங்க" என்று கையில் டிஷ்யூ பேப்பரைத் திணித்தாள். எதிர் நாற்காலிக்காரர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறவனை எழுப்பிப் பேருந்தில் ஏற்றிய குரல் மச்சான் இது!

வீட்டுக்கு வந்து தேடினால், கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. இணையக் கடை ஒன்றில் அதே நாவல், அதே என் குரலில், விலை போட்டு விற்கிறது. வாசித்தவர் யாரோ 'மேடைச் சிங்கம்' என்று போட்டிருக்கிறது. பொதுச்சொத்து என்று நான் சொன்ன வரியை நாற்பத்திரண்டு இடத்திலும் தேடிப் பிடித்து வெட்டிய மகாபாவி, உன் அக்காவின் கேஸை வெட்டவில்லை. வாங்கியவர் ஒருவர், 'மரணத்தைக் கேஸ் தீந்துபோச்சு என்ற ஒற்றை வரியில் சொன்ன இடத்தில் உடைந்துபோனேன்' என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு உன்னிடம் கேட்டதற்குத்தானே, "அத்தான், யாரும் எதுக்கும் எடுத்துக்கலாம்னு நீங்களே நாப்பத்திரண்டு தடவை சொல்லியிருக்கீங்க, விக்கிறது தப்பில்ல" என்று சிரித்தாய்? சரி, வாசலில் தண்ணீர் வைத்தவன் மொண்டு விற்கிறவனைக் கேட்க முடியாது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

நேற்று வந்ததே ஒரு ஓலை, அதைத்தான் தாங்க முடியவில்லை. வீடியோ தளத்தில் நானே என் பெயரில் ஏற்றி வைத்திருந்த பதிவை முடக்கிவிட்டார்கள். 'இந்தக் குரல் மழைச்சாரல் என்ற சேனலுக்குச் சொந்தமானது. உரிமையாளரின் அனுமதியின்றிப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். மறுபடி செய்தால் உங்கள் கணக்கு நீக்கப்படும்.' முப்பத்தோரு வருடம் பெயரில்லாமல் கத்தியவன் மச்சான் நான். 'வாசித்தவர்' என்று என் பெயர் இருந்த ஒரே இடம் அதுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிஜமாகவே அழுதேன். இனி வாசிப்பதில்லை என்று போர்வையை மடித்து வைத்துவிட்டேன்.

அந்த மழைக்காரன் எவனாக இருந்தாலும் விடாதே. நோட்டீஸ் அனுப்பு, கேஸ் போடு, கூண்டில் ஏற்றி, 'சொந்தம்' என்று எந்த வாயால் சொன்னாய் என்று கேள். உன் அக்காவிடம் மூச்சு விடவில்லை. ரத்தக்கொதிப்புக்காரி, தாங்க மாட்டாள்.

உனக்கு வாய்தா இல்லாத வாழ்வும், உன் வீட்டாருக்கு நோய்நொடியில்லாத நாட்களும் அமையட்டும். எடுத்த வழக்கெல்லாம் ஜெயமாகட்டும், என்னுடையது முதலில்.

இப்படிக்கு,
குரலும் கடைவாய்ப் பல்லும் பறிகொடுத்த
உன் அத்தான்

பின்குறிப்பு: நோட்டீஸ் அனுப்பாதே. உறையை ஒட்டப் பசை கேட்டபோது உன் அக்கா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். மழைச்சாரல் அவள்தான். தான் கத்தியது ஊருலகத்துக்குக் கேட்கக் கூடாது என்று மழையைப் போட்டு அமுக்கி ஏற்றியிருக்கிறாள். "ஏத்தும்போது இந்தக் குரல் உங்களுக்குச் சொந்தமான்னு அந்தத் தளம் கேட்டுச்சு, ஆமான்னு அழுத்தினேன். முப்பத்தஞ்சு வருஷமா இதைக் கேட்டுக்கிட்டிருக்கிறவ நான். எனக்குச் சொந்தமில்லாம வேற யாருக்குங்க சொந்தம்?" என்கிறாள். இதற்குச் சட்டத்தில் பதில் இருந்தால் எழுது. அந்த 'ஆமா'வால் என் பதிவின் மேல் தானாகப் போன புகாரைத் திரும்பப் பெற்று, மழைச்சாரலிலும் வாசித்தவர் என்று என் பெயரைப் போட்டுவிட்டாள். போர்வையை அவளே எடுத்து மறுபடி மேசையில் தொங்கவிட்டிருக்கிறாள். ஆக மச்சான், கேஸ் தீந்துபோச்சு.