எம்பார் எடுத்த சூனியம்

"சூனியத்துலயா ஆராய்ச்சி பண்றே?" என்று துளசிராமன் உரக்கக் கேட்டதும், அரிசி மில் ஆபீஸில் பேச்சு சட்டென்று நின்றது. நெல் விற்க வந்திருந்த இரண்டு பேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

எம்பாருக்கு உள்ளூர மகிழ்ச்சி. படிப்புக்கு உதவி கேட்டு அவன் ஏறி இறங்கிய வீடுகளில், சூனியவாதம் என்ற சொல்லை இதுவரை யாரும் திருப்பிச் சொன்னதுகூட இல்லை.

"ஆமாம். பௌத்தத்துல அது ரொம்ப ஆழமான..."

"அண்ணா, கேட்டீங்களா? ரொம்ப ஆழமான சூனியமாம்!" என்றார் துளசிராமன்.

அண்ணன் சஞ்சீவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கும்மிடிப்பூண்டியில் அந்த மில்லுக்கு முதலாளி அவர்தான். தம்பி கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்வார். பணப்பெட்டிச் சாவி மட்டும் அண்ணன் இடுப்பை விட்டு இறங்கியதில்லை.

"இன்னா சாமி சொல்றே? வெக்கிறதா, எடுக்கிறதா?" என்று சஞ்சீவி தாழ்ந்த குரலில் கேட்டார்.

கேள்வி சற்று விசித்திரமாக இருந்தாலும், தத்துவ ஆர்வம் உள்ளவர் என்று எம்பார் எடுத்துக்கொண்டான். "புதுசா வைக்கவே வேண்டாம். ஏற்கெனவே எல்லாமே சூனியம்தான்."

"எல்லாமேன்னா? இந்த மில்லு?"

"மில்லும் சூனியம்தான்."

"எஞ்ஜினு?"

"எஞ்ஜினும்தான். ஒவ்வொரு பாகமாக் கழட்டிப் பார்த்தா, எஞ்ஜின்னு தனியா ஒண்ணு அங்கே இல்லவே இல்லைன்னு தெரியும்."

சஞ்சீவியின் முகம் வெளுத்தது. எஞ்ஜினை மெக்கானிக் கழற்றிப் போட்டு ஒரு வாரமாகிறது. கோளாறு எங்கே என்று இன்னும் தெரியவில்லை.

"உள்ளே பூந்து பாத்தாப்பல சொல்றாரே!" என்றார் துளசிராமன். "சாமி, முழுசா முடிக்க எத்தினி காலம் ஆவும்?"

"மூணு வருஷம்."

"கேட்டீங்களாண்ணா? மூணு வருஷம் எடுக்கிற அளவுக்கு இருக்குதாம்!"

சஞ்சீவி இடுப்பிலிருந்த சாவியை எடுத்தார்.

அந்த வருஷம் புத்தர் பரிநிர்வாணம் அடைந்து இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளானதை நாடே கொண்டாடிக்கொண்டிருந்தது. ஊருக்கு ஊர் கூட்டம், மாலை, சொற்பொழிவு. ஆனால் புத்தர் என்னதான் சொன்னார் என்று உட்கார்ந்து படிக்க நினைத்த எம்பாருக்கு உதவத்தான் ஆளில்லை. திருவள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த உதவி வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, சென்னையில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தான். கட்டணத்துக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் அப்பா ராமஸ்வாமி கோயில் கைங்கரியத்தில் இருந்தவர். மகன் பௌத்தத்தைக் கண்டிப்பதற்காகத்தான் படிக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தார். அப்படி நம்பவைத்தவள் எம்பாரின் மனைவி பூமா.

சஞ்சீவி கொடுத்த பணத்தை எம்பார் அன்றைக்கே சென்னையில் கட்டிவிட்டுத் திருவள்ளூர் வீட்டுக்குத் திரும்பினான். மாதாமாதம் தருவதாகவும் அவர் சொல்லியிருந்தார்.

நாலாம் நாள் காலை, வாசலில் ஒரு கோழி கத்தியது.

"பூமா! நம்மாத்து வாசல்ல என்னடீ கோழிச் சத்தம்?" என்று பூஜையிலிருந்த ராமஸ்வாமி குரல் கொடுத்தார்.

வாசலில் மில் மேஸ்திரி பாக்கியராஜ் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கறுப்புக் கோழி. காலடியில் எலுமிச்சம்பழக் கூடை. அதன்மேல் பூசணிக்காய்.

"பெரியவரு குடுத்தாரு சாமி. சூனியம் எடுக்க வேணுமேன்னு."

எம்பாருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வெக்கிறதா, எடுக்கிறதா என்ற கேள்வியும் விளங்கியது. விளங்கிய வேகத்தில் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயோ, இதெல்லாம் வேண்டாங்க. இதை எடுத்துண்டு போங்கோ!"

"கறுப்புக் கோழி ஆவாதா? வெள்ளையா வோணுமா?"

அதற்குள் கோழி அவர் கையிலிருந்து திமிறி ரேழியைத் தாண்டிக் கூடத்துக்குள் ஓடிவிட்டது. பாக்கியராஜ் அதன் பின்னால் ஓட, அவர் பின்னால் எம்பார் ஓட, பூஜை அறை வாசலில் மூவரையும் ராமஸ்வாமி சந்தித்தார்.

"நீ பௌத்தத்தைக் கண்டிக்கப்போறேன்னு பூமா சொன்னாளேடா. கோழியை வெச்சுண்டா கண்டிப்பா?"

"அப்பா, அவா தப்பாப் புரிஞ்சுண்டு..."

"போய் முழுக்குப் போட்டுட்டு வா. அப்புறம் இந்த ஆத்துல நீ இருக்கணுமா, புத்தன் இருக்கணுமான்னு தீர்மானம் பண்ணிக்கலாம்."

பூமா மட்டும் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். "ஏன்னா, நேராப் போய் விஷயத்தைச் சொல்லிடுங்கோ. பணம் போனாப் போறது," என்றாள். சொன்னவள் குரல் கடைசிச் சொல்லில் கொஞ்சம் தேய்ந்தது. அது போனால் படிப்பும் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

எம்பார் குளித்துவிட்டு, பாக்கியராஜோடும் கோழியோடும் ரயிலேறினான். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறும்போது கோழியை அவன்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மில்லில் சஞ்சீவி வாசலுக்கே வந்து கும்பிட்டார். "வா சாமி, நாஷ்டா துன்னியா? யாரு வெச்சதுன்னு தெரிஞ்சிச்சா?"

"யாரும் வைக்கலீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன். சூனியம்னா நீங்க நினைக்கிற சூனியம் இல்லை. ஒரு பொருள் தானா உண்டாகிறதில்லை. வேற வேற காரணங்களோட சார்புலதான் எதுவும் தோன்றும்."

"சார்ப்புலயா?" சஞ்சீவி துள்ளிக் குதித்தார். "சார்ப்புலேர்ந்துதான் தோணுதா? டேய், யாருடா அங்கே! நெல்லு அவிக்கிற சார்ப்பைப் பிரிச்சுத் தள்ளுங்கடா!"

"சார்ப்பு இல்லீங்க, சார்பு! சார்பு!"

"அதான் சாமி, கடப்பாரையே எடுத்தாச்சு!"

மில்லின் பின்பக்கம் சுவரை ஒட்டி இறக்கியிருந்த ஓலைச் சார்ப்பு பத்து நிமிஷத்தில் தரைமட்டமானது. அடியில் தோண்டியும் பார்த்தார்கள். ஒரு துருப்பிடித்த கரண்டி கிடைத்தது. சஞ்சீவி அதைக் கண்டு மூன்றடி பின்னால் நகர்ந்தார்.

"அது என் கரண்டி!" என்று கத்தினாள் கன்னியம்மா. நெல் அவிக்கும் பெண்களில் மூத்தவள் அவள். "ஏன் சாமி, நாங்க இன்னா பாவம் பண்ணோம்? இந்த வெய்யில்ல அடுப்பாண்ட நின்னுகினு எப்படி வேலை செய்யறது? உன் சூனியத்துக்கு எங்க நெழலுதானா கெடச்சிது?"

எம்பாருக்கு அவமானத்தில் காது சுட்டது. பட்டமும் வேண்டாம், படிப்பும் வேண்டாம் என்று அந்தக் கணமே முடிவு செய்தான். எல்லோரும் கேட்க உரத்த குரலில் சொன்னான்.

"எனக்குச் சூனியம் எடுக்கத் தெரியாது! நான் படிக்கிறது புத்தர் சொன்ன தத்துவம். உங்க மில்லுல ஒரு சூனியமும் இல்லை. பணத்தை நான் எப்படியாவது திருப்பிக் குடுத்துடறேன். இந்தப் பொம்பளைங்களுக்கு முதல்ல நிழலைக் கட்டிக் குடுங்க!"

சஞ்சீவி அவனை ஏற இறங்கப் பார்த்தார். கண் சிறுத்தது.

துளசிராமன் அண்ணன் காதருகே குனிந்தார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "துட்டையே திருப்பித் தரேங்கிறாரு. எதிர்த்த மில்லுக்காரன் வந்து பாத்துட்டான் போல்ருக்குது."

"எத்தினி குடுத்தான்?" என்றார் சஞ்சீவி. "எத்தினி குடுத்திருந்தாலும் அதுக்கு மேலே நான் தரேன். எங்களை உட்டுட்டுப் போவாதே சாமி."

"ஐயா, நான் சொல்றது..."

"சாமி, நீ வாயைத் தொறக்காதே," என்று துளசிராமன் குறுக்கே புகுந்தார். "இதுக்குத் திபெத்து பாஷையும் வோணும் இல்லே? அதைக் கத்துக்கக் கல்கத்தா போவணுமே?"

எம்பார் திகைத்துப்போனான். "போனா நல்லதுதான். பழைய ஏடெல்லாம் அந்த பாஷையிலதான்..."

"திபெத்தா?" சஞ்சீவி நெஞ்சில் கை வைத்தார். "இமயமலைக்கு அப்பாலேர்ந்தா வெச்சிருக்கான்? படுபாவி! போய்ட்டு வரட்டும். ரயில் சார்ஜு, சாப்பாடு எல்லாம் மில்லு பொறுப்பு."

"அந்தச் சார்ப்பு?" என்றான் எம்பார் பலவீனமாக.

"ஓடே போட்டுடறேன். ஓலையிலதானே சாமி அது வந்து ஒட்டிக்கிச்சு?"

கன்னியம்மாவின் கோபம் பாதியில் நின்றது. "ஓடா?" என்று கேட்டு, எம்பாரைப் பார்த்து முதல்முறையாகக் கும்பிட்டாள்.

கையில் திணித்த பணத்தோடு எம்பார் ஸ்டேஷனுக்கு நடந்தான். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தபோது அழுகை வரும்போல் இருந்தது. வழியனுப்ப வந்த பாக்கியராஜ் அவனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

"மேஸ்திரி, ஒரு உபகாரம் பண்ணுங்கோ. பெரியவர்தான் கேட்கமாட்டேங்கறார். சின்னவர் துளசிராமன்கிட்டயாவது நீங்க எடுத்துச் சொல்லுங்கோ. பௌத்தம் வேற, பில்லி சூனியம் வேற. பாவம், அவரும் ஏமாந்துண்டிருக்கார்."

பாக்கியராஜ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நீ ஒரு பேஜாரு சாமி! காலேஜ் முடிச்சுட்டு, புத்தரைப் படிக்கக் கல்கத்தா போறேன்னு சின்னவரு அழுதுக்கினு கேட்டப்போ பெரியவரு காலணா குடுக்கல; அதனாலதான் இந்தவாட்டி உனக்கோசரம் சூனியம்னு சொல்லிக் கேட்டாரு!"