உப்புப் பார்த்தவர் பெயர்

தம்போய்,
ஞாயிறு, லுஹருக்குப் பின்.

தங்காக்கில் துணிக்கடையையும் மச்சானையும் சேர்த்துக் கவனித்துவரும் ஃபரீஹா லாத்தாவுக்கு, தங்கை ஆரிஃபா ஸலாத்துடன் எழுதுவது. என் இரத்த அழுத்தம் தவிர இங்கே எல்லாரும் சுகம். அங்கேயும் அவ்வாறே இருக்க துஆ செய்கிறேன். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் மச்சான் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், கடை முழுக்கக் கேட்கும். இது பெண்கள் விஷயம்.

வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு என் சமையலறையில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர் சர்புதீன், பள்ளிவாசலில் என்னோடு நோன்புக்கஞ்சி காய்ச்சும் ஷப்னம், பக்கத்து வீட்டுத் தம்பிராஜா ஐயா. ஆக நான்கு பேர். பூனை வந்து போனது, உட்காராததால் சேர்க்கவில்லை.

ஷப்னத்தின் புருஷன் ஆதம் போன வருடம் மவுத்தானது உங்களுக்குத் தெரியும். அவள் இங்கே தங்குகிற பாஸ் அவர் பெயரில்தான் ஓடிக்கொண்டிருந்தது, இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. மகள் இங்கே பிறந்தவள், கையில் குடியுரிமை உள்ளவர்களுக்கான நீல ஐசி, இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று படிக்கிறாள். பாஸை நீட்டிக்கக் குடிநுழைவு இலாகாவுக்குப் போடும் மனு தள்ளுபடியானால் பிள்ளை இங்கே, தாய் ஊரில், தொண்டியில். அந்த மனுவோடு இந்த நாட்டுக்காரர் ஒருவர் 'இவரை நான் நன்கு அறிவேன்' என்று சத்தியம் செய்து கடிதம் கொடுத்தால் நல்லதாம். "உங்கள விட்டா எனக்கு இங்க யாருக்கா இருக்கா" என்றாள். நானும் இதென்ன பெரிய காரியம் என்று பேனாவை எடுத்துவிட்டேன். தம்பிராஜா ஐயா முப்பத்தொரு வருடம் அரசாங்க வேலையில் இருந்தவர், கடிதம் எப்படிப் போனால் எப்படித் திரும்பும் என்று தெரிந்தவர். அவர்தான் தடுத்தார். "பிள்ளை, சும்மா நல்லவ எண்டு எழுதினா ஒருத்தரும் பாக்க மாட்டினம். எந்த நாள், எந்த இடத்தில சந்திச்சனீங்கள்? திகதி வேணும்."

திகதிக்கு என்னிடம் பஞ்சமா லாத்தா? பதினாறு வருடக் கஞ்சிக் கணக்கு நோட்டு இருக்கிறதே. தேதி, அரிசி எத்தனை கிலோ, உப்புப் பார்த்தவர் பெயர். நோன்போடு நுனி நாக்கில் வைத்துத் துப்பலாம் என்று மார்க்கம் சொல்லித்தரும் உஸ்தாஸ் சொன்னாலும் என் மனசு ஒப்பாது, அதனால் அன்றைக்கு மாதவிலக்காகி யாருக்குத் தொழுகையும் நோன்பும் இல்லையோ அவர்தான் உப்புப் பார்ப்பது. விட்ட நோன்பைப் பிறகு பிடிக்க ஞாபகம் வேண்டுமே என்று பெயரையும் எழுதி வைப்பேன். யாருக்கும் இல்லாத நாளில் கஞ்சி எப்படி வந்ததோ அப்படி. பெருமையாக நோட்டை விரித்து ஷப்னம் பெயருள்ள நாட்களை ஐயா முன்னால் வாசித்தேன், இரண்டாயிரத்துப் பதினாறிலிருந்து, வருடத்துக்கு ஆறு நாள், ஏழு நாள். ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எல்லாரும் விரதம் இருக்கேக்க இவ மட்டும் ஏன் ஒவ்வொரு வருசமும் சாப்பிட்டவ?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் கார் டயரில் காற்றுப் பார்க்கப் போய்விட்டார். போன வாரம்தான் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் நோட்டில் ஒருத்தி பெயர் ஏற வேண்டுமானால் அவள் நோன்பு விட்டிருக்க வேண்டும். ஒழுங்காகப் பிடித்த நாளுக்கு அத்தாட்சியே கிடையாது. இந்தத் தேதிகளை அப்படியே எழுதினால், ரமலானில் பட்டப்பகலில் பள்ளியில் நின்று கஞ்சி குடித்தவள் என்று ஆபீசர் நினைப்பார். காரணத்தையும் எழுதினால் ஷப்னத்தின் மானம் ஃபைலில் ஏறிக் கவுண்டர் கவுண்டராகப் போகும். ஐயாவுக்கு மெல்ல விளங்கியது, காது சிவந்துபோய், "உப்புக்கெண்டா என்னைக் கூப்பிட்டிருக்கலாமே பிள்ளை, நான் சைவ சமயம், எனக்கு நோன்பும் இல்லை" என்றார். பதினாறு வருடமாக வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், எங்கள் ஒருத்திக்கும் தோன்றவில்லை. போகும்போது, "இருபத்திரண்டில ஒரு நாளும் இல்லையே, ஊருக்குப் போனவவோ?" என்றும் கேட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகு இருந்தவர்கள் நானும் ஷப்னமும் மட்டும். அவள் டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நானும் அதையே கேட்டேன். அந்த வருசம் நீ ஊருல இருந்தியா புள்ள என்றேன். "இல்லக்கா, முப்பது நாளும் உங்க பக்கத்துலதான் நின்னேன். வயித்துல புள்ள இருந்துச்சு. முப்பதும் புடிச்சேன். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தின வாரம் போயிருச்சு. அவுங்களத் தவிர யாருக்கும் சொல்லல" என்றாள். கழுவிய கிளாஸையே மறுபடி கழுவினாள்.

அவள் போனதும், லாத்தா, அந்த வருட நோட்டை எடுத்துப் பார்த்தேன். அரிசி தினம் ஒன்பது கிலோ என்று சுத்தமாக எழுதியிருக்கிறேன். அந்தப் பெரிய சட்டியை ஒரு பக்கம் நான் தூக்க, மறுபக்கம் அவள்தான் தூக்கியிருக்கிறாள். ஒரு நாளாவது நீ விடு என்று சொன்னேனா என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. இப்படிப்பட்ட நான் 'நன்கு அறிவேன்' என்று எந்த வாயால் சத்தியம் செய்வது? எழுதாவிட்டால் அவள் போக வேண்டி வரும். எழுதினால் பொய்ச்சாட்சி. எழுதுவதில்லை என்றுதான் முடிவு செய்திருக்கிறேன், அல்லாஹ் வேறு வழி திறப்பான். மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். உங்கள் முழங்கால் வலி குறைந்து கடையில் கூட்டம் கூடட்டும்.

இப்படிக்கு,
தங்கை ஆரிஃபா

பின்குறிப்பு: தபால் தலை வாங்கத் தாமதமானதில் இன்று புதன். நேற்றே ஷப்னத்துக்கு அந்தச் சத்தியக் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். நோட்டையும் தேதியையும் பற்றி ஒரு வரி இல்லை. ஒன்பது வருடம் சட்டியின் மறுபக்கத்தைத் தூக்கியவர், நன்கு அறிவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தப் பொய்ச் சத்தியத்துக்குப் பரிகாரமாக எத்தனை நோன்பு பிடிக்க வேண்டும் என்று அங்குள்ள உஸ்தாஸிடம் பெயர் சொல்லாமல் கேட்கவும். பாதியைத் தான் பிடிப்பதாக ஷப்னம் சொல்கிறாள். அப்படிப் பங்கு போடலாமா என்பதையும் கேட்டு, சீக்கிரம் பதில் போடவும்.