எச்சில் ஸ்கேனுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர்

“குடிங்கம்மா, நிப்பாட்டாதீங்க. வயிறு முட்டணும். முட்டினாத்தான் மெஷினுக்குத் தெரியும்.”

ரெங்கம்மா இரண்டாவது போத்தலைத் தூக்கினாள். பதுளையில், மருத்துவமனை ஒன்றின் ஸ்கேன் அறை வாசல் வாங்கில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கட்டளையிட்டுக்கொண்டிருந்தவர் அற்புதராஜ். டாக்டர் அல்லர். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்தவர். அன்று அவர் வந்தது பிரஷர் மாத்திரைக்கு. அதை வாங்கி ஒரு மணி நேரமாகிவிட்டது.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்த மருத்துவமனை வாங்கிலும் ஒருவர் இருப்பார். கேட்காமலே டாக்டர் எழுதித் தந்த உங்கள் துண்டுச் சீட்டை வாங்கி, கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உதட்டைப் பிதுக்கி, கூரையைப் பார்த்து “ம்…” என்று இழுத்து, இனி உங்கள் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நீங்கள் யோசிக்கத் தொடங்கிய பிறகு, “பயப்படாதீங்க” என்பார். அதுவரை யார் பயந்தார்கள்?

அற்புதராஜின் தகுதியைச் சந்தேகிக்க வேண்டாம். மூன்று முறை ஸ்கேன் எடுத்தவர். மூன்றும் சிறுநீரகக் கல்லுக்கு. மூன்று முறையும் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், அடக்கச் சொன்னார்கள். ஆகவே ஸ்கேன் என்றால் தண்ணீர். இதில் படிக்க என்ன இருக்கிறது?

துண்டில் எச்சில் சுரப்பி என்றுதான் எழுதியிருந்தது. அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். ஆனால் எச்சிலை யாராவது ஸ்கேன் எடுப்பார்களா? சின்ன வயது டாக்டர், அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டார் என்று பெருந்தன்மையோடு மன்னித்தார்.

“வாயில என்னம்மா கோளாறு?”

“எச்சியே ஊறலங்க ஐயா, ரெண்டு வருஷமா. தண்ணியில்லாம சோறு எறங்காது. கண்ணு மண்ணு விழுந்த மாதிரி அறுக்குது. பல்லு நாலு போச்சு. ஒடம்பு தன்னோட தானே சண்ட போடுதாம். எச்சி ஊற எடத்தப் போட்டு அடிக்குதாம். ஸ்கேன்ல தெரியுமாம்.”

“ஒடம்பு எதுக்கும்மா தன்னையே அடிக்கப் போகுது? கொழுந்து மலையில வெயில்ல நிக்கிறீங்க, சும்மா சும்மா சூடா சாயத்தண்ணி குடிக்கிறீங்க. எல்லாம் வயித்துச் சூடு. வயித்தத்தான் பாப்பாங்க. எழும்பிறாதீங்க, அடக்குங்க.”

“நாளைக்கு கிளினிக்குல ரிப்போட்டக் காட்டினாத்தான் மருந்து எழுதுவாங்களாம் ஐயா. பெரிய டாக்டர் இத விட்டா ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வருவாராம்.”

“அதுக்குத்தானே சொல்றேன்!”

தோட்டத்து ஆட்கள் கிளாக்கர் ஐயா சொன்னதை மறுத்துப் பழகியவர்கள் அல்லர். இந்தப் பழக்கம் அற்புதராஜுக்கு மிகவும் பிடிக்கும். ஓய்வு பெற்றபோது அவர் வீட்டுக்குக் கொண்டுபோன ஒரே தோட்டச் சொத்து அதுதான்.

பத்தரைக்கு மேல் ரெங்கம்மாவால் அடக்க முடியவில்லை. எழுந்து ஓடினாள். கழிப்பறை இரண்டு கட்டடம் தள்ளி. அவள் முதுகு மறைந்ததும் தாதி நிஷாந்தினி அவளுடைய நம்பரைக் கூப்பிட்டாள். மூன்று முறை கூப்பிட்டாள். அற்புதராஜ் சும்மா இருந்தாரா? இல்லை. உதவினார்.

“அவங்களுக்கு வயிறு இன்னும் நெறையல மிஸ். அடுத்த ஆளக் கூப்பிடுங்க.”

ரெங்கம்மா மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது அவளுடைய துண்டு கட்டின் அடிக்குப் போயிருந்தது. “அடுத்த மாசம் திகதி போட்டுத் தாறேன்” என்றாள் நிஷாந்தினி.

ரெங்கம்மா திரும்பிப் பார்த்தாள். “வாயில தண்ணி இல்லன்னு வந்தேன் ஐயா. வயித்துல ஊத்தி அனுப்புறீங்களே.”

அற்புதராஜின் மனம் புண்பட்டது. நல்லது சொன்னால் இந்தக் காலத்தில் இதுதான் கிடைக்கும் என்று வாங்கின் மறுமுனைக்கு நகர்ந்தார். அங்கே எக்ஸ்ரே வைத்திருந்த ஒருவர் இருந்தார்.

ரெங்கம்மா போகவில்லை. கதவை மறித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக்கு வெளியே வந்த டாக்டர் ஸரூக், அவள் நீட்டிய துண்டைப் பார்த்துவிட்டு, “உள்ள வாங்க” என்றார்.

கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. சாத்தியிருந்தாலும் அற்புதராஜுக்குக் கேட்டிருக்கும்.

“தண்ணி குடிச்சீங்களா? இதுக்கு எதுக்கும்மா? காதுக்கு முன்னாலயும் தாடைக்குக் கீழயும்தானே பாக்கப் போறேன். நல்ல சுரப்பின்னா ஒரே சீரா வெளிச்சமா தெரியும். இங்க பாருங்க, ஓட்டை ஓட்டையா கறுப்பு. இதை மட்டும் வச்சு முடிவெடுக்க ஏலாது, ரத்தமும் பாப்பாங்க. ரிப்போட் இப்பவே எழுதித் தாறேன்.”

பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இந்நேரம் நீங்களும் கொஞ்சம் கற்றிருப்பீர்கள். வாய் காய்ந்தால் சுரப்பி, சுரப்பி என்றால் கன்னத்தில் ஸ்கேன். பக்கத்து வீட்டு அக்கா அடிக்கடி தண்ணீர் குடிப்பது ஞாபகம் வருகிறது, இல்லையா? போய்ச் சொல்ல எழுந்துவிட்டீர்களா? உட்காருங்கள். அற்புதராஜுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

மறுநாள் பெரிய டாக்டர் ரிப்போட்டையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்து ரெங்கம்மாவுக்கு மருந்து எழுதினார். அன்று காலை அற்புதராஜும் பதுளை பஸ்ஸில் போனார். அவருக்கு மருத்துவமனையில் வேலை ஒன்றும் இருக்கவில்லை. பசறையில் ஏறிய இருதயம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கழுத்துக் கட்டிக்கு ஸ்கேன் என்றாள். நேற்று ஒரு பெண்ணைத் தண்ணீர் குடிக்கவைத்து நோயைத் தானே கண்டுபிடித்த கதையை அவர் சொன்னார். இருதயம்மா போத்தலைத் திறந்து முழுவதையும் குடித்தாள். பதுளைக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.