கண்ணாடி அலமாரியும் அதிலுள்ள அனைத்தும்

"யோவ் கெட்ஸல், உன் அலமாரியில இருக்கற அந்தக் குட்டிப் புத்தகத்தை நான் வாங்கப் போறேன்" என்றார் பழைய புத்தகப் பித்தரான லீபா, வாசலில் நின்றபடியே.

கெட்ஸல் வாத்தியார் சிரித்தார். "பதினோரு வருஷமா கேக்கறே. பதினோரு வருஷமா இல்லேங்கறேன்."

"உன்கிட்ட யாருய்யா கேட்டா? அது இப்போ வாஹனோட சொத்து. நீதானே வித்தே? ஜெபக்கூடத்துல நீ படிவம் எழுதறப்போ பின்னாடியே நின்னு பார்த்தேன்."

கெட்ஸலின் சிரிப்பு பாதியில் நின்றது.

அன்று பாஸ்கா பண்டிகையின் மூன்றாம் நாள். அந்த ஏழு நாளும் புளித்த மாவுப் பண்டத்தை யூதர் தின்னவும் கூடாது, சொத்தாக வைத்திருக்கவும் கூடாது. அதனால் ஜெருசலேமின் அந்தப் பேட்டையில் எல்லோரும் படிவம் எழுதி, வீட்டிலுள்ள மாவையும் விஸ்கியையும் மதகுருவான ரபி மூலமாகப் பீங்கான் ஓடு வியாபாரி வாஹனுக்கு விற்றுவிடுவார்கள். வாஹன் ஆர்மீனியக் கிறிஸ்தவர், அவருக்கு அந்தத் தடை இல்லை. படிவங்களை ரபி ஓர் உறையில் போட்டு அவரிடம் கொடுப்பார்; சரக்கு அவரவர் வீட்டிலேயே பூட்டிக் கிடக்கும். பண்டிகை முடிந்ததும் அவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். இருபது வருடமாக ஒரு வம்பும் இல்லை.

இந்த வருடம் கெட்ஸல் 'சமையலறைப் பரண்' என்பதற்குக் கீழே, 'கண்ணாடி அலமாரியும் அதிலுள்ள அனைத்தும்' என்று எழுதித் தொலைத்தார். அலமாரியில் இருந்தவை நாற்பது பழைய எபிரேயச் சட்டப் புத்தகங்கள். பண்டிகைக்கு முன் ஒவ்வொன்றையும் தட்டி, ரொட்டித் துணுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்னூறு வருடத்துப் புத்தகத்தைத் தட்டினால் துணுக்கோடு பக்கங்களும் உதிரும். துணுக்கு இருப்பதோ நிச்சயம். எதையாவது கொறிக்காமல் சட்டம் படிக்க அவருக்கு வராது. ஆனால் மனைவி ஷ்ப்ரின்சாவிடம், புத்தகத்தின் பக்கத்தில் வைத்து எதையும் தின்றதே இல்லை என்று முப்பது வருடமாகச் சத்தியம் செய்து வந்தார். அலமாரியையே விற்றுவிட்டால் தட்டவும் வேண்டாம், மாட்டிக்கொள்ளவும் வேண்டாம் என்பது அவர் கணக்கு. படிவத்தை ரபியிடம் சேர்ப்பது மட்டும் வழக்கம்போல ஷ்ப்ரின்சாவின் வேலை.

லீபா கேட்டது சலோனிகா நகரில் அச்சான, உள்ளங்கை அகலப் புத்தகம். ஹைஃபாவில் செத்துப்போன ஒரு கடிகாரக்காரர் வீட்டில், முதல் தாள் இல்லாமல் கெட்ஸலுக்குக் கிடைத்தது. நாலு வருடம் கழித்து ஸஃபாத் ஊர்க் கடை ஒன்றில், குப்பைக் காகிதத்துக்கு நடுவே அந்த முதல் தாளும் கிடைத்தது. கிழிசலோடு கிழிசல் பொருந்திய அன்று அவர் வாய்விட்டு அழுதார். அது போய்விட்டால் அவருக்கு மிச்சம் பள்ளிக்கூடமும் மூட்டுவலியும்தான்.

கெட்ஸல் ரபியின் வீட்டுக்கு ஓடினார்.

"ரபி, அந்த விற்பனை சும்மா ஒரு சம்பிரதாயந்தானே?"

ரபி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். "மெதுவாப் பேசுய்யா! சம்பிரதாயம்னு ஆச்சுன்னா முன்னூறு குடும்பம் பண்டிகை பூரா புளிச்ச மாவோட இருந்ததா ஆகிடும். என் மாமனார் விஸ்கியும் அதுல இருக்கு. வித்தது வித்ததுதான்."

"அப்போ நானே இப்பவே திருப்பி வாங்கிக்கறேன்."

"வாங்கேன். துணுக்கும் சேர்ந்து வரும். பாஸ்காவுல புளிச்ச மாவு வாங்கின வாத்தியார்னு நல்ல பேரு கிடைக்கும்."

"லீபா வாங்கினா மட்டும்?"

"அவனுக்கும் அதே சட்டந்தான். துணுக்கு இருந்தா வாங்கக் கூடாது. இல்லேன்னா தாராளமா வாங்கலாம்."

கெட்ஸலுக்குப் போன உயிர் வந்தது. நேரே வாஹனின் கடைக்கு ஓடினார். வாஹன் ஓட்டில் நீல மீன் ஒன்றை வரைந்துகொண்டிருந்தார்.

"வாங்க வாத்தியாரய்யா! இருபது வருஷமா உங்க பேட்டைக்கே நான்தான் முதலாளி. ஒருத்தர்கூட எட்டிப் பார்த்ததில்லை. இன்னிக்கு ரெண்டு பேர்!"

"வாஹன், அந்தப் புத்தகத்துல ரொட்டித் துணுக்கு இருக்கு. லீபாவுக்குக் குடுத்துடாதீங்க."

"இருக்காதுங்கறாரே அவரு? நீங்க புத்தகத்துக்கிட்ட வாயே திறக்கறதில்லைன்னு உங்க வீட்டம்மா தெரு பூரா பெருமை பேசறாங்களாமே?" வாஹன் தூரிகையைத் துடைத்தார். "ஒண்ணு பண்ணலாம். காலையில நானே வந்து நல்லாத் தட்டிப் பார்த்துடறேன்."

எதைத் தட்டக் கூடாது என்று அலமாரியையே விற்றாரோ, அதைத் தட்டுவதற்கு அவரே ஆளைக் கூப்பிட்டதாக முடிந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

காலையில் வாஹன் தோள்பையோடு வந்தார். லீபா பூதக்கண்ணாடியோடு வந்தார். நல்லவேளையாக ஷ்ப்ரின்சா முட்டை வாங்கக் கடைக்குப் போயிருந்தாள்.

மேஜையில் வெள்ளைத் துணியை விரித்து, வாஹன் புத்தகத்தைக் கவிழ்த்து மெல்லத் தட்டினார். தூசி விழுந்தது. இன்னொரு முறை தட்டினார். முதல் தாள் லேசாக ஆடியது.

"ஒண்ணுமே இல்லை. சுத்தம்!" லீபா கோட்டுப் பைக்குள் கையை விட்டார். "விலையைச் சொல்லு வாஹன்."

"இருக்கு!" கெட்ஸல் கத்தினார். "நான் தின்னேன்யா! பிஸ்கட் தின்னேன், கசகசா கேக் தின்னேன், முப்பது வருஷமாத் திருட்டுத்தனமாத் தின்னேன்! அறுபத்தி மூணாவது தாளைப் பிரி!"

பிரித்தார்கள். ஷ்ப்ரின்சாவின் காலடிச் சத்தம் கேட்டு என்றோ அவசரமாகப் புத்தகத்தை மூடியதில், கசகசா கேக்கின் ஒரு முனை அப்பளமாக ஒட்டியிருந்தது.

"பார்த்தியா? கேக்! அசல் கேக்! இப்போ வாங்கு பார்க்கலாம்!" கெட்ஸல் மேஜையைச் சுற்றி ஆடினார். கதவருகே முட்டைத் தட்டோடு ஷ்ப்ரின்சா நிற்பது தெரிந்தும் அவரால் நிறுத்த முடியவில்லை.

"நீயெல்லாம் ஒரு வாத்தியாரு!" லீபா தொப்பியை எடுத்தார். "இருக்கட்டும். பண்டிகை முடிஞ்ச மறுநிமிஷம் வாஹன் எனக்குத்தான் குடுப்பாரு."

"எனக்குத்தான் குடுப்பாரு!"

"சண்டை எதுக்கு? பத்திரத்துல என்ன போட்டிருக்கோ அப்படியே செஞ்சிடறேன்." வாஹன் பையிலிருந்து ரபியின் உறையை எடுத்துப் பிரித்தார். இருபது வருடத்தில் அவர் பிரித்த முதல் உறை அதுதான். கெட்ஸலின் படிவத்தைத் தேடி எடுத்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"வாத்தியாரய்யா, அலமாரி வரியை யாரோ அடிச்சிருக்காங்களே. பக்கத்துல எழுதியிருக்கு: 'இதை விற்கத் தேவையில்லை. புத்தகத்தின் அருகே என் கணவர் எதையும் தின்றதில்லை, சத்தியம் செய்திருக்கிறார். இப்படிக்கு ஷ்ப்ரின்சா.' அப்போ புத்தகம் உங்களோடதுதான் ஐயா, அந்தக் கேக்கும்தான்!"