சாம்பல் பூமி பற்றிய சிறப்புக் கூட்டம்

உலகம் அழிந்த பிறகு எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க, 1999ஆம் ஆண்டு ஒரு ஞாயிறு மதியம், மலேசியாவின் பெம்பான் ஊர்க் கணினி விளையாட்டு மன்றத்தின் சிறப்புக் கூட்டம் தலைவர் அம்பிகைபாகன் வீட்டு வரவேற்பறையில் கூடியது. மன்றத்தில் நால்வர். அம்பிகைபாகன் தலைவர், தர்ஷன் துணைத்தலைவர், திலீபன் செயலாளர். வதனா உறுப்பினர்.

பொருள்: ‘சாம்பல் பூமி’ விளையாட்டின் இரண்டாம் பாகம். சிடி வதனாவுடையது, அவள் மாமா சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. ஆனால் அதை ஓட்டக்கூடிய கணினி பெம்பானிலேயே தலைவர் வீட்டில்தான் இருந்தது. ஐந்து மணிப் பேருந்தில் அவள் கல்லூரி விடுதிக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் கொஞ்ச நேரமாவது விளையாடிவிட வேண்டும்; விட்டால் தீபாவளி விடுமுறைதான்.

வினையாக வந்தது சிடிப் பெட்டியின் மேலிருந்த படம். முதல் பாகத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் மணல். இந்தப் படத்திலோ ஓர் ஊர், மதில், வாசலில் சீட்டு கொடுக்கும் கவுண்டர், அதன் முன்னே வரிசை.

“குண்டு போட்டு உலகமே போச்சு. அப்புறம் கவுண்டர் எங்கேர்ந்துலா வந்துச்சு?” என்றான் தர்ஷன்.

“நாலு மனுஷன் பொழைச்சிருந்தா, அதுல ஒருத்தன் கவுண்டர் போட்டு உக்காந்துருவான்” என்றான் திலீபன்.

“மணல்தான் அழகு. கூப்பிட்டா ஏன்னு கேக்க ஆள் இருக்கக்கூடாது.”

“அப்புறம் யார்கிட்ட சண்டை போடுவ?”

“தேளுகிட்ட.”

வதனா மெல்லக் கேட்டாள்: “போட்டுப் பாத்தா தெரிஞ்சிடுமே, அண்ணே?”

அம்பிகைபாகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மலாக்காவில் அரசாங்க குமாஸ்தா அவர். “பாத்துட்டோம்னா அப்புறம் எதை வெச்சு விவாதிக்கிறது, தங்கச்சி? முதல்ல மன்றம் ஒரு நிலைப்பாடு எடுக்கணும். அப்புறம்தான் பெட்டியைத் திறக்கலாம்.”

இதன் நியாயத்தை யாராலும் மறுக்க முடியவில்லை.

மணல் துணைக்குழு, ஊர்த் துணைக்குழு என இரண்டு அமைக்கப்பட்டன. இரண்டுக்கும் தலைவர் அம்பிகைபாகனே. மணல் துணைக்குழு சமையலறையில் கூடி, பீசாங் கோரேங் என்ற வாழைப்பழ பஜ்ஜி முழுவதையும் தின்றுவிட்டு, கருத்து ஏதுமின்றித் திரும்பியது. சற்றைக்கெல்லாம் தர்ஷன் ஜனநாயக மரபு மீறப்பட்டதாகக் கூறிப் பதவி விலகினான், வெளியே கார் நிறுத்துமிடத்தில் நின்று ‘அகில மலேசிய சாம்பல் பூமிப் பேரவை’யைத் தொடங்கினான், உடனே உள்ளே திரும்பி வந்தான்.

“வதனா, தலைவரா நான் இருக்கேன். உறுப்பினர்தான் இல்ல. நீ வந்துரு.”

“அவ போயிட்டா எங்களுக்கு யாரு உறுப்பினர்?” என்றார் அம்பிகைபாகன்.

“என்னைப் பாக்காதீங்க. நான் செயலாளர்” என்றான் திலீபன்.

வதனா எழுந்து நின்றாள். கூட்டங்களில் அவள் எழுந்து நின்றதே இல்லை. “நான் யார்கிட்டயும் சேரல. தனியா ஒரு மன்றம் ஆரம்பிக்கிறேன். சிடி அந்த மன்றத்தோடது.”

பிறகு அம்பிகைபாகன் தொண்டையைச் செருமினார். “அப்ப எங்களை உறுப்பினரா சேத்துக்கம்மா. இப்பவே போட்டுரலாம்.” கணினியைத் தானே போய் முடுக்கினார். தர்ஷன் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். நேரம் இன்னும் தாராளமாக இருந்தது.

வதனா பெட்டியைக் கையில் எடுத்தாள். மூவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதுவரை யாரும் அப்படி நின்றதில்லை.

“ஒரு நிமிஷம், அண்ணே” என்றாள். “சேரணும்னா முதல்ல விதிமுறை வேணும்ல?”

திலீபன் ஓடிப்போய்த் தாள் கொண்டுவந்தான். அவள் எழுதத் தொடங்கினாள். நன்றாகவே வந்தது. தெருமுனையில் ஐந்து மணிப் பேருந்து ஹாரன் அடித்தபோது, ‘உறுப்பினர் நீக்கம்’ என்ற பகுதியில் இருந்தாள்.