அறுபத்தோராம் நிமிடத்து நாய்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. இங்கே நான் நலமாக இல்லை. அங்கே அத்தானும் நலமாக இல்லை என்று, அவருக்கு ரத்த அழுத்தம் பார்க்க வரும் நர்ஸம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். நீ ஒருத்தியாவது நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். போனில் சொல்லலாம் என்றால், உன் போன் நாள் முழுக்க அத்தான் கையில் இருக்கிறது. அதனால் வழக்கம்போல நர்ஸம்மா பையில் போட்டு அனுப்புகிறேன். படித்ததும் மற்றத் தாள்களோடு சோபா மெத்தைக்கு அடியில் ஒளித்துவிடு.

அக்கா, இந்த வேலையிலிருந்து என்னை விடுவித்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அத்தானுக்கு நெஞ்சைத் திறந்து தைத்த டாக்டர் என்ன சொன்னார்? "லேசான சிரிப்புப் படமா வீட்லயே உக்காந்து பாருங்க, ஆனா உணர்ச்சிவசப்படக் கூடாது" என்றார். நீ உப்புப் பாக்கெட் விளம்பரத்துக்கே அழுகிறவள், உன்னால் தரம் பிரிக்க முடியாது. அதனால் என்னைப் பிடித்தாய். "நீ முப்பத்தோரு வருஷம் பாய்லர் இன்ஸ்பெக்டரா இருந்தவன், எது எப்ப வெடிக்கும்னு உனக்குத்தான் தெரியும், முதல்ல நீ பாத்துட்டு எந்தெந்த இடத்தைக் காட்டாம ஓட்டிவிடணும்னு எழுதிக் குடுடா" என்றாய். நானும் அத்தான் உயிராச்சே என்று ஒத்துக்கொண்டேன். பாய்லருக்காவது ஒரு மீட்டர் இருக்கிறது, முள் சிவப்புக்குப் போனால் தள்ளி நிற்கலாம். இந்தச் சிரிப்புப் படங்களை நம்பவே கூடாது. ஒன்றே முக்கால் மணி நேரம் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்துகொண்டிருப்பார்கள், கடைசி இருபது நிமிடத்தில் எவளாவது ஒரு அம்மா ஜன்னலோரம் நின்று கண்ணைத் துடைப்பாள். இதுவரை நாற்பத்திரண்டு படம் பார்த்துவிட்டேன். ஆபத்தில்லாத படம் என்று ஒன்றுக்குக்கூட என்னால் சான்றிதழ் கொடுக்க முடியவில்லை. காலையில் பல் தேய்த்ததும் நோட்டு, பென்சில், கடிகாரம் சகிதம் உட்கார்ந்தால், உன் தம்பி பெண்டாட்டி வாசலில் நின்று, "சிரிப்புப் படத்தைப் பரீட்சைக்குப் படிக்கற மாதிரி பாக்கற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்கிறாள். அவள் சொல்வது சரிதான். நான் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

சரி, இவ்வளவு பாடுபட்டதற்குப் பலனாவது உண்டா? நீ துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பும் அத்தானின் அபிப்பிராயங்களைப் படித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. முதல் படத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டையை ஓட்டச் சொன்னேன். நீயும் "நெட்டு மாட்டிக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாய். அத்தான் என்ன சொன்னார்? "ஒரு காரணமும் இல்லாம காலைப் புடிச்சு மன்னிப்புக் கேக்கறான், இவன் எதையோ திருடியிருக்கான், அதைக் காட்டாம மறைக்கறாங்க" என்றாராம். அடுத்த படத்தில் ஆஸ்பத்திரிக் காட்சியை வெட்டினேன். "இப்பத்தான் ஆடிக்கிட்டிருந்தான், அதுக்குள்ள கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கானே, ஆடியே ஒடிச்சுக்கிட்டானா?" என்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் கேட்டாராம். அடுக்குமாடி வீட்டுத் தொடரில், அழுகை, ஏக்கம், பழைய ஞாபகம் எல்லாம் கழித்தது போக அரை மணி நேரத்தில் ஆறு நிமிடம்தான் தேறியது, அதிலும் பாதி பாட்டு. அதை மட்டும், "இதுதான்டி நல்லா இருக்கு, வளவளன்னு இழுக்காம எடுத்திருக்கான்" என்று பாராட்டியிருக்கிறார். இந்த மனிதருக்காகவா நான் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன்?

இப்போது நாய் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தத் தபால்காரர் படம் உனக்கு ஞாபகம் இருக்கும். தபால்காரரும் அவர் நாயும் தெருத் தெருவாகப் போய் வம்பில் மாட்டிக்கொள்வதுதான் கதை. நன்றாகச் சிரிக்கலாம். அறுபத்தோராம் நிமிடத்தில் அவர் வீடு மாறுகிறார், நாய் தொலைந்துபோகிறது. அவர் மழையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே திரிகிறார். அறுபத்தொன்றிலிருந்து எழுபது வரை ஓட்டச் சொன்னேன். அது நியாயம்தானே? ஆனால் கடைசி ஆறு நிமிடத்தையும், சிவப்புப் பென்சிலால் "கட்டாயம் ஓட்டவும்" என்று எழுதி ஓட்டச் சொன்னேன். அதில் என்ன இருந்தது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதில்தான் அக்கா நாய் திரும்பக் கிடைக்கிறது! ஊரெல்லாம் தேடிய மனிதர் பழைய வீட்டுக்கு மட்டும் போகவே இல்லை. அது அந்த வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. நெஞ்சில் ஒரு தையலும் இல்லாத நானே துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். ஆனந்தக் கண்ணீரும் கண்ணீர்தானே, இதயத்துக்கு அது தெரியவா போகிறது என்று வெட்டிவிட்டேன்.

அதனால் அத்தான் பார்த்த படத்தில் முதல் பாதியில் நாய் இருக்கிறது, பிற்பாதியில் இல்லை. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை, எல்லோரும் கல்யாணத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள், படம் முடிந்துவிட்டது. "ஒரு உசுரு காணாமப் போயிருக்கு, எவனாவது கேட்டானா பாத்தீங்களா?" என்று நர்ஸம்மாவிடம் மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். முதல் வாரம் நூற்று முப்பதில் இருந்த ரத்த அழுத்தம் வெள்ளிக்கிழமை நூற்று அறுபத்திரண்டாம். "தூக்கத்துல நாயைக் கூப்பிடறாருங்க" என்று அந்த அம்மாள் சொன்னபோது எனக்கு உயிரே போய்விட்டது. காப்பாற்றத்தான் போனேன், இப்போது நானே பாய்லரின் மூடியைத் திருகி அடைத்துவிட்டு நிற்கிறேன்.

நாய் கிடைத்துவிட்டது என்று நீயே சொல்லிவிடலாமே என்பாய். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். வெட்டிய விஷயம் வெளியே வரும். வெட்டியது யார் என்பார். நான் என்று தெரிந்தால் அந்த நூற்று அறுபத்திரண்டு எங்கே போய் நிற்கும்? ஒன்பது வருஷத்துக்கு முன் உன் வீட்டுக் கூடத்தில், டிவியில் நடிகன் வாய் திறப்பதற்கு முன்னாலேயே ஒவ்வொரு நகைச்சுவையையும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மேலதிகாரி குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும்போது, "வாயை மூடிக்கிட்டுப் பாருங்க அத்தான்" என்று சொன்னேனே, அன்றைக்கு எழுந்து உள்ளே போனவர்தான், அதன்பிறகு எங்களுக்குள் பேச்சே இல்லை. ஆஸ்பத்திரியிலும் அவர் மயக்கத்தில் இருக்கும்போதுதான் வந்து பார்த்தேன். ஒரு வார்த்தை பேசாமல் அவர் போய்விடுவாரோ என்று அந்தக் கட்டிலருகே எனக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்தப் பாழாய்ப்போன வேலைக்கே ஒத்துக்கொண்டேன்.

ஆகவே இன்றோடு நான் விலகிக்கொள்கிறேன். இனிமேல் அவருக்குச் செடி வளர்ப்பதைப் பற்றிய நிகழ்ச்சிகளைப் போடு. வாடிய செடி வந்தால் மட்டும் ஓட்டிவிடு. நாயைப் பற்றி மூச்சு விடாதே. என்னால் எந்த நன்மையும் யாருக்கும் விளைந்ததில்லை என்பதை ஒப்புக்கொண்டு, நீ நீண்ட ஆயுளோடும் அத்தான் குறைந்த அழுத்தத்தோடும் வாழ வேண்டும் என்று வேண்டி முடிக்கிறேன்.

எதற்கும் உதவாத உன் தம்பி

பின்குறிப்பு: உறையில் போட்டுப் பசை தடவும்போது போன் அடித்தது. உன் எண். அது யார் கையில் இருக்கும் என்பதை மறந்து, "சொல்லுக்கா" என்றேன். அந்தப் பக்கம் அத்தான். "மெத்தைக்கு அடியில ஒரு கட்டுத் தாள் கெடக்கு. உன் கையெழுத்து. கடைசி ஆறு நிமிஷம் கட்டாயம் ஓட்டவும்னு சிவப்புல போட்டிருக்கே. நாய் செத்துருச்சாடா?" என்றார்.

ஒன்பது வருஷத்தில் முதல் பேச்சு. "இல்ல அத்தான், கெடச்சுருச்சு. பழைய வீட்டு வாசல்லயே உக்காந்திருந்துச்சு. இவருதான் அங்க போய்ப் பாக்கல" என்றேன்.

"எத்தனை நாளா உக்காந்திருந்துச்சு?" என்றார். படத்தில் இரண்டு மாதம் என்று காட்டுகிறார்கள் என்றேன். "ரெண்டு மாசந்தானா" என்றார். மூக்கை உறிஞ்சினார். அழவில்லையாம், சளியாம். "ஞாயித்துக்கெழமை காலைல வா. அந்த ஆறு நிமிஷத்தையும் போட்டுப் பாக்கணும். ஆனா ஒண்ணு, நடுநடுவுல நான் பேசுவேன்."

"பேசுங்க அத்தான்" என்றேன்.

ஆகையால் மேலே எழுதியதைப் படிக்காமல் கிழித்துப் போடு. ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மாவையும் வரச் சொல். மறக்காமல் மீட்டரைக் கொண்டுவரட்டும், இரண்டு பேருக்குப் பார்க்க வேண்டியிருக்கும்.