தலைவரின் அண்ணன் வாஸ்தவம்

திருச்சியில் எதிர்க்கட்சிகள் எல்லாம் சேர்ந்தும் செய்ய முடியாததை ஒரே வார்த்தையில் செய்து முடித்தவர் 'வாஸ்தவம்'. எங்கள் தலைவரின் சொந்த அண்ணன். அவருக்கு நிஜப் பெயர் ஒன்று இருந்திருக்கும். ஸ்ரீரங்கத்தில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

யார் எதைச் சொன்னாலும், அதில் துளி உண்மை இருந்தால் போதும், "வாஸ்தவந்தாங்க" என்பார். எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு தேர்தல். தம்பிக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போனார்.

"ஜெயிச்சப்புறம் உங்க தம்பி இந்தப் பக்கமே வரலியே?" என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

"வாஸ்தவந்தாம்மா. எங்க வீட்டுக்கே வரதில்ல" என்று சொல்லிவிட்டு, மறக்காமல் கைகூப்பி ஓட்டும் கேட்டார்.

தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த காலம். "உனக்கு ஒரு வேலைக்கு நானாச்சு. சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுகிட்ட கூட்டம். எங்கண்ணன் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. எங்கயாவது கூட்டிக்கிட்டுப் போயிடு."

துறையூரில் நண்பனுக்குக் கல்யாணம் என்று புளுகி அவரை பஸ் ஏற்றினேன். முன் சீட்டில் இரண்டு பேர் யாரோ ஒரு மந்திரியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அந்தாளு சுத்த ஃபிராடுங்க" என்றார் ஒருவர்.

"வாஸ்தவந்தாங்க" என்றார் நம்மவர்.

"சும்மா இருங்க. ஏழைன்னா உருகிடுவாரு அவரு" என்றார் மற்றவர்.

"அதுவும் வாஸ்தவந்தாங்க."

அதற்குமேல் இருவரும் பேசவில்லை. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கண்டக்டர் விசிலடித்து பஸ்ஸை நிறுத்தினார். "பெரியவரே, நீங்க இறங்குங்க. பஸ் தானா அமைதியாயிடும்."

நட்டநடு ரோட்டில் நின்றோம். நான் ஒரு மரத்தடியில் ஒதுங்கிய நேரத்தில் அவர் ஒரு லாரியை நிறுத்தி, என்னையும் கையைப் பிடித்துத் தூக்கி ஏற்றிவிட்டார். உள்ளே கொடியும் சாப்பாட்டுப் பொட்டலமுமாக ஐம்பது பேர்.

"எங்கங்க போறீங்க?" என்றேன்.

"திருச்சி கூட்டத்துக்குத்தான். தலைக்கு ஒரு பொட்டலம்."

நான் குதிக்கப் பார்த்தேன். வாஸ்தவம் என் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "விழுந்துடுவடா தம்பி, கம்பியப் பிடிச்சுக்க!"

லாரி மேடைக்குப் பின்னால் போய் நின்றது. பின்னால் எடுக்க டிரைவர் திணறினார். உதவி என்றால் வாஸ்தவம் சும்மா இருப்பாரா? குதித்து இறங்கி, "வரலாம்... வரலாம்... இன்னும் வரலாம்..." என்று இரண்டு கையாலும் அழைத்தார்.

மேடையில் தலைவர் முழங்கிக்கொண்டிருந்தார்: "என்னை எந்தக் கொம்பனாலும் அசைக்க முடியாது!"

லாரி அசைத்துவிட்டது. மேடை ஒரு பக்கமாகச் சாய, ஆளுயர மாலையோடு சறுக்கிக்கொண்டு வந்த தலைவர் தன் அண்ணன் மேலேயே விழுந்தார். அவர்கள் மேல் பந்தல் துணி விழுந்தது. மைக் மட்டும் உயிரோடிருந்தது. துணிக்கு வெளியே தலையை நீட்டி வாஸ்தவம் அதை எடுத்தார்.

"யாருக்கும் அடிபடலியே?"

கூட்டத்தில் ஒரு குரல்: "குழாயில தண்ணி வரும்னாரே உங்க தம்பி, வந்துச்சா?"

"வாஸ்தவந்தாங்க, வரல. குழாயே வரலியே!"

சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று.

மறுநாளே எதிர்க்கட்சிக்காரர்கள் பொன்னாடையோடு வந்து அவரைத் தங்கள் மேடையில் ஏற்றினார்கள். "எங்க வேட்பாளர் ஜெயிச்சா தண்ணி வருமாய்யா? நீங்களே சொல்லுங்க" என்று பெருமையாகக் கேட்டார்கள். அவர் நன்றாக யோசித்தார். "இவரும் கொண்டாரமாட்டாருங்க." பொன்னாடை அங்கேயே திரும்பப் பெறப்பட்டது. அன்று மாலையே அவர்களும் என் வீட்டுக்கு ஆளனுப்பினார்கள்: "அவரைக் கொஞ்சம் வெளியூர் கூட்டிக்கிட்டுப் போக முடியுமாங்க?"

தலைவர் தோற்றார். வாசலில் நின்ற ஜீப், மாலை, 'வாழ்க' போட்ட கும்பல் எல்லாம் ஒரே மத்தியானத்தில் காணாமல் போயின. நானும் வாஸ்தவமும் போனபோது தலைவர் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"இப்ப திருப்திதானேண்ணே?" என்றார்.

வாஸ்தவம் தம்பியின் தோளில் கிடந்த கட்சித் துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட. எந்திரி. காவிரியில ஒரு முங்கு போட்டுட்டு வந்து சாப்பிடலாம்."

சைக்கிளில் அண்ணன் மிதிக்க, முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் கேரியரில் உட்கார்ந்து போனார். தெருமுனையில் வேட்டி சக்கரத்தில் சிக்கி இருவரும் விழுந்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால், மண்ணில் கிடந்தபடி இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேலை போனால் போகட்டும். எனக்கு அண்ணன் இல்லை என்பது அன்றைக்குத்தான் ஒரு குறையாகத் தெரிந்தது.